இடது பக்கம் உதைக்கும் வண்டி

மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு பொம்பளைக்கு என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் அண்ணன் வைத்திருந்த வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு துடைப்பேன். எந்த இடத்தில் சூடு தங்கும், எந்த மூலையில் சேறு ஒளிந்துகொள்ளும் என்றெல்லாம் என் விரலுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், ஒரு கையில் கிழிந்த பனியன், இன்னொரு கையில் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு என்னைப் பார்த்திருக்கலாம். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எழுபதுகளில் எங்கள் பக்கத்து ரோட்டில் மூன்று ஜாதி வண்டி ஓடியது. தடதடவென்று வயிற்றைக் கலக்கிக்கொண்டு போகிற பெரிய வண்டி ஒன்று. அதைப் போலீஸ்காரர்களும் நிலபுலன் உள்ளவர்களும் வைத்திருந்தார்கள். முன்னால் தகடு வைத்து, எஞ்சினை மூடி மறைத்த ஸ்கூட்டர் ஒன்று. அது வாத்தியார்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும். நடுவில் இந்த இருநூற்றைம்பது சிசி. இதில் மூடி மறைக்க ஒன்றுமே கிடையாது. எஞ்சின், அதன் மேல் அடுக்கடுக்காக இருக்கும் தகடு, இரண்டு பக்கமும் நீண்டு போகும் புகைக்குழாய், எல்லாம் வெளியே தெரியும். கூண்டில்லாத மாட்டு வண்டியை மொட்டை வண்டி என்று சொல்வதைப் போலவே இதையும் ஊரில் மொட்டை வண்டி என்றார்கள். "ஸ்கூட்டர் பாவாட கட்டின வண்டி, நம்மளுது கோவணம் கட்டின வண்டி" என்று அண்ணனே சொல்லிச் சிரிப்பான்.

கோவணம் கட்டினாலும் அழகு அழகுதான். பெட்ரோல் டேங்க் கருஞ்சிவப்பு. அதன் இரண்டு பக்கமும் முகம் பார்க்கிற மாதிரி குரோமியம். நான் பொட்டு சரியாக இருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பேன், மூக்கு மட்டும் கொஞ்சம் அகலமாகத் தெரியும். வேகம் காட்டுகிற முள்ளைத் தனியாக வைக்காமல் ஹெட்லைட்டின் தலைக்குள்ளேயே பதித்திருந்தார்கள். சாவி சாவி மாதிரியே இருக்காது, ஆணி மாதிரி இருக்கும். அதைக் குத்தி அழுத்தினால் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும். செயினை முழுசாக ஒரு தகட்டுப் பெட்டிக்குள் அடைத்திருந்ததால் வேட்டியில் கறை படாது. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், நீல நிறத்தில் புகை விடும். சீட்டு நீளமாக, தட்டையாக, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த அழகு. எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்தது வேறு. அந்த வண்டியில் உதைக்கிற கம்பியும் கியர் போடுகிற கம்பியும் ஒன்றேதான். கியர் கம்பியை உள்பக்கம் அழுத்தி மேலே நிமிர்த்தினால் அது உதைக்கிற கம்பி. வண்டி கிளம்பியதும் படுக்க வைத்துவிட்டால் மறுபடியும் கியர் கம்பி. அதை எவன் யோசித்துச் செய்தானோ, எந்தத் தேசத்துக்காரனோ, அவன் குடும்பம் நல்லா இருக்கணும் என்று எங்கள் அம்மா சொல்வாள். ஏனென்றால் அந்தக் கம்பி இருந்தது இடது பக்கம். எங்கள் அண்ணனுக்கு இருந்ததும் இடது கால் ஒன்றுதான்.

வலது காலும் இருந்தது. நடக்கப் பழகுகிற வயதில் காய்ச்சல் வந்து, முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போனது. தொடையில் பலம் உண்டு, அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. நடக்கும்போது வலது கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் குனிந்து எழுந்து நடப்பான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று நான் எழுத மாட்டேன். உட்கார்ந்து செய்கிற தொழிலாக இருக்கட்டும் என்று நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்) அவனை ரேடியோ ரிப்பேருக்குப் பழக்கினார். மதகடிப்பட்டு ரோட்டில் ஒரு துணிக்கடைக்காரர் தன் கடையை ஒட்டி ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தை விட்டார். அவர் பாய். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அண்ணனின் கைராசியைச் சொல்லியே அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த புண்ணியவான்.

அந்தக் கடைக்கு ஒருநாள் ஒரு சொல்தா ரேடியோ கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். ரேடியோவைக் கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் போக வண்டியை எடுத்தபோது இடது காலால் உதைத்திருக்கிறார். அண்ணன் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக் கம்பியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தானாம், பலகை தீய்ந்து புகை வந்த பிறகுதான் சுரணை வந்ததாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னான். "இடது காலும்மா. இடது காலாலயே எல்லாம்."

சொல்தாவுக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிக்கொண்டு வந்தது. வண்டி அண்ணனுக்கு வந்து சேர்ந்தது. வலது பக்கம் பிரேக் மட்டும்தான். அங்கே ஒரு மெக்கானிக் பெடலை நீட்டி, அகலமாக ஒரு தகடு வைத்துக் கொடுத்தார். தொடையால் தள்ளினால் போதும். டேங்கின் இரண்டு பக்கமும் முழங்கால் படுகிற இடத்தில் ரப்பர் பட்டை இருக்கும். அண்ணனின் வலது முழங்கால் யாரும் பிடிக்காமல், அவன் கையும் பிடிக்காமல் தானாக நின்றது அந்த ரப்பரின் மேல்தான். அதை நான் பின் சீட்டில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவன் வேறு ஆள். பாகூர் வரைக்கும் போய் ரேடியோ வாங்கிவந்தான். கரும்பு லாரிகளுக்கு நடுவில் புகுந்து வந்தான். சந்தையில் வண்டியை நிறுத்தி, இடது காலை ஊன்றி, இறங்காமலேயே கத்திரிக்காய் பேரம் பேசினான். என்னை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் தேருக்குப் போனபோது, "மாப்ள, யாரு வண்டி" என்று ஒருத்தர் கேட்டார். நொண்டிப் பையன் என்று தெரியாத ஒருவர் அவனைக் கேட்ட முதல் கேள்வி அது. வண்டியில் இருக்கிறவரை அவன் காலைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. தன் எஞ்சினை ஒளிக்க ஒரு தகடுகூட இல்லாத வண்டி, அவனுக்கு மட்டும் அத்தனையும் ஒளித்துக் கொடுத்தது.

அவனுக்குப் பெண் தேட ஆரம்பித்தார்கள்.

குருவிநத்தத்தில் ஆற்றங்கரையில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம். பெண்ணின் அப்பா இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தார். அண்ணன் கடையிலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். நிமிர்ந்து உட்கார்ந்து வந்த பையனை அவர் பார்த்தார், முகம் மலர்ந்தது. இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசல் ஏறியதையும் பார்த்தார். முகம் சுருங்கியது. "இன்னாங்க, தம்பிக்குக் கால்ல?" என்று கேட்டார்.

நைனா அந்தச் சமயத்தில் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. முன்கூட்டித் திட்டம் போட்டதாக நான் நினைக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன், வாய் தானாகத் திறந்தது. "வண்டியில உழுந்துட்டான். எலும்பு கூடிகினு வருது. நாட்டுக் கட்டு போட்டு இப்பதான் பிரிச்சோம்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நைனா ஆயிரமெல்லாம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று, அதுவும் தடுமாறிப்போய் வாயில் வந்தது. ஆனால் வந்ததை யாரும் திருப்பி உள்ளே தள்ளவில்லை. அம்மா காபி கொண்டுவரப் போய்விட்டாள். எதிர்வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தவழ்ந்ததிலிருந்து பார்த்தவர். அவர் தலையை ஆட்டி, "வயசுப் பையன், தேறிடுவான்" என்று ஒத்து ஊதினார். ஒரு பையனின் கல்யாணத்தைக் கெடுத்த பாவம் தனக்கு வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். எங்கள் ஊரே அப்படித்தான் எண்ணியது. விசாரிக்க வந்தவர்களிடம் டீக்கடையிலும், நெல் மிஷினிலும், அதையே சொன்னார்கள்; ஏன், துணிக்கடைப் பாய்கூட அதையேதான் சொன்னார். யாரும் யாரோடும் கூடிப் பேசவில்லை. நல்லது செய்கிறோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகவே நினைத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் ஒரு ஊரே ஒன்று சேர்ந்ததை நான் பார்த்ததில்லை, நல்ல எண்ணத்தில் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் வாசலில் நின்று அத்தனையையும் கேட்டான். அவன் மறுத்துப் பேசியிருக்கலாமே என்று சொல்வது சுலபம். பெற்ற அப்பாவைப் பத்து பேர் நடுவில் பொய்யன் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாரையும் வளர்க்கவில்லை.

போகும்போது பெண்ணின் அப்பா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பேச்சுச் சொன்னார். அவர் தங்கை புருஷன் இப்படி ஒரு மோட்டார் சைக்கிளில்தான் போய்ச் சேர்ந்தானாம். "கால் தேறிடும், அத்தப் பத்தி எனக்கு ஒன்னும் இல்ல. ஆனா அந்த வண்டி வாசல்ல நிக்கற வூட்டுக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன். வண்டிய எடுத்துடுங்க. நாளைக்கே பாக்கு வெத்தல மாத்திக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. காலை முறித்த வண்டி என்று நாங்கள்தானே சொன்னோம். காலாக இருந்த வண்டி அது என்று சொல்வதற்கு வாய் ஏது?

அண்ணன் சில நாள் வண்டியிலேயே கடைக்குப் போய் வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன், சொல்லச் சொல்லியும் சண்டை போட்டேன். நைனா என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். அப்புறம் குருவிநத்தத்துக்குப் பெண் பார்க்கப் போனோம், வாடகைக் காரில். எல்லோருக்கும் பாய் விரித்திருந்தது. அண்ணனுக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. அதற்கு முன்னால் ஒரு சின்ன முக்காலி, மேலே மடித்த துணி. யாரும் சொல்லாமல், அடிபட்ட காலை நீட்டி வைத்துக்கொள்ளட்டும் என்று பெண்ணே போட்டு வைத்தது என்று அவள் அம்மா பெருமையாகச் சொன்னார்கள். அண்ணன் முக்காலியைப் பார்த்தான். பிறகு காபித் தட்டோடு வந்தவளைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கால் சௌகரியமாக இருக்கிறதா என்று பார்த்தாள். அப்போதே அவன் விழுந்துவிட்டான். வண்டியில் விழாதவன் அங்கே விழுந்தான்.

காரில் திரும்பி வரும்போது, "வித்துடலாம் நைனா" என்றான்.

வண்டியை வாங்க வந்தவர் விழுப்புரம் பக்கத்து ஆள். வந்ததும் ஏறி உட்கார்ந்து வலது பக்கம் காலால் துழாவினார். "உதைக்கறது எங்கப்பா இருக்குது?" என்று கேட்டார். அண்ணன் குனிந்து அந்தக் கம்பியை உள்ளே அழுத்தி நிமிர்த்திக் காட்டினான். எப்படி உதைப்பது, கிளம்பியதும் எப்படிப் படுக்க வைப்பது, படுக்க வைக்க மறந்தால் கால் எப்படி அடிபடும், ஆயில் எவ்வளவு கலப்பது, மழை நாளில் பிளக்கை எப்படித் துடைப்பது, எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். பெடலில் வைத்த தகடு எதற்கு என்று அவர் கேட்டார். "அது சும்மா. கழட்டிடலாம்" என்றான். அவர் எங்கள் வாசலிலேயே ஸ்பானர் வாங்கிக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போனார். நீலப் புகை கலைகிறவரை அண்ணன் நின்றான். நான் உள்ளே போய்விட்டேன், எனக்கு அழுகை வந்தது.

கல்யாணம் நடந்தது. மணவறையைச் சுற்றி வரும்போது அண்ணி தன் கையை அவன் கையோடு அழுத்திப் பிடித்து, அவன் பாரத்தைத் தாங்கிக்கொண்டே சுற்றினாள். மாப்பிள்ளைக்கு இன்னும் கால் வலி தீரவில்லை போல என்று பெண் வீட்டார் இரக்கப்பட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பந்திக்கு விரைந்தார்கள்.

அண்ணி எப்படிப்பட்டவள் என்று சொல்கிறேன். வாய் ஓயாது. சமைக்கும்போது பேசுவாள், துவைக்கும்போது பேசுவாள், மாட்டோடுகூடப் பேசுவாள். நாத்தனார் என்று என்னிடம் பயமோ பகையோ கிடையாது, வந்த வாரமே என் தலையில் பேன் பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் பெரிசாக இருந்தது. அண்ணனின் காலைத் தேற்றிவிட வேண்டும். தினமும் சாயங்காலம் அவன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஏதோ தழை போட்டு, முற்றத்தில் உட்கார வைத்துக் கால் தேய்ப்பாள். அவ்வளவு சூம்பியிருக்கிறதே என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். அவளுடைய மாமன் ஒருவருக்குக் கை முறிந்து, கட்டுப் பிரித்தபோது குச்சியாக இருந்ததாம். எண்ணெய் தேய்த்துத் தேய்த்தே பழையபடி ஆக்கினார்களாம். "மாமா கை இத்த விட மோசம்" என்று எங்களுக்கே தைரியம் சொன்னாள். அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விடுவாள். நைனா வயலைப் பார்க்கப் போய்விடுவார். நான் எங்கே போவது? பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேய்த்துக்கொண்டே வண்டியைத் திட்டுவாள். பாழாப்போன வண்டி, கட்டையில போற வண்டி, என் புருஷன் காலைத் தின்ன வண்டி, அது எங்கே கெடந்து துரு பிடிக்குதோ. இதுதான் எனக்குத் தாங்காது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். அவள் திட்டி முடித்து, முன்னைக்கு இப்போது சதை பிடித்திருக்கிறது பாருங்கள் என்று காலை அமுக்கிக் காட்டும்போது சிரிப்பான். அவன் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை, வண்டியில் போகும்போதுகூட இல்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு தூரம். வண்டி இருந்தவரை யாருக்கும் காட்டாத நடையை இப்போது தினமும் காலையும் மாலையும் ஊர் பார்க்க நடந்தான். முழங்காலை அழுத்தி அழுத்தி உள்ளங்கை காய்த்துப்போனது. அண்ணி அந்தக் கைக்கும் எண்ணெய் தடவினாள்.

தலை ஆடிக்குப் பிறந்த வீட்டில் கூப்பிட்டும், எண்ணெய் தேய்ப்பது விட்டுப்போகும் என்று அண்ணி போகவில்லை. அந்த ஆடி மாதம் எங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். காலையில் குளித்துவிட்டு அண்ணி ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு வந்தாள். நானும் அம்மாவும் அவளோடு கோயிலுக்குப் போனோம். உண்டியலுக்கு முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளித் தகட்டில் ஒரு கால். கைக்கு, கண்ணுக்கு, காலுக்கு என்று நோவு வந்த உறுப்பை வெள்ளியில் செய்து அம்மனுக்குப் போடுவது எங்கள் பக்கத்து வேண்டுதல். பிறந்த வீட்டில் கொடுத்த கொலுசை அழித்துச் செய்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது.

"வலது காலா பாத்துச் செய்யச் சொன்னேன் அத்த" என்றாள் அம்மாவிடம். "இடது கால செஞ்சிட்டு வந்துட்டா அம்மன் கொழம்பிடும் இல்ல?"

அம்மா அதைக் கையில் வாங்கினாள். பெருவிரல், நகம்கூட வைத்துச் செய்திருந்தார்கள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அங்கேயே, கூழ்ப் பானையோடு நிற்கிற பொம்பளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். "இதே மாதிரி ஒன்னு இந்த உண்டியல்ல நான் போட்டேன்மா" என்றாள். "அவன் நடக்கப் பழகின வயசுல. நானும் வலது காலுதான் பாத்து வாங்கினேன்."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லாப் பொம்பளைகளும் தத்தம் பானையைப் பார்த்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நானும் தலையைக் குனிந்தேன். அவள் அம்மாவின் கையிலிருந்து அந்த வெள்ளிக் காலை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்தபோது எண்ணெய் காயவில்லை. அண்ணி முற்றத்தில் நின்றுகொண்டு கேட்டாள். "நீங்க வண்டியிலேருந்து உழுந்தீங்களா?"

"இல்ல" என்றான். "அந்த வண்டி என்ன ஒரு நாளும் கீழ தள்ளல."

"தெனம் தேய்ச்சனே. ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்ல?"

அண்ணன் முற்றத்துப் படியில் உட்கார்ந்தான். அப்புறம் சொன்னான். "அம்மா தேய்க்கும்போது அழுதுகினே தேய்க்கும். நீ சிரிச்சிகினு தேய்ச்ச. சொன்னா நீயும் அழுதுடுவியோன்னு இருந்துட்டேன்."

அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று பிற்பாடு நினைத்துக்கொள்வேன். அவள் சத்தம் போடாமல் பேசினாள். தன் கோபம் காலுக்காக இல்லை என்றாள். இப்படிக் கால் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அப்பாவோடு சண்டை போட்டாவது வந்திருப்பேன், வண்டியையும் விற்க விட்டிருக்க மாட்டேன் என்றாள். "நான் ஒரு முட்டாள் மாதிரி ஒக்காந்து தேய்ச்சிகினு இருந்தேன். ஒங்க ஊரே வேடிக்க பாத்துது." நைனா வாசலில் இருந்தபடி, "தப்பு என்னுதும்மா" என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அண்ணி திரும்பி வந்தாளா என்று கடைசிவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். வரவில்லை. பெரியவர்கள் போய்ப் பேசினார்கள். துணிக்கடைப் பாய் தானாகவே போய், பெண்ணின் அப்பாவிடம் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அவர்கள் மரியாதையாக உட்கார வைத்துச் சோறு போட்டு அனுப்பினார்கள், பெண்ணை அனுப்பவில்லை. அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு வண்டியும் வாங்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி நான் ஊரை விட்டு வந்த பிறகும் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அவள் வராமல் போனது அல்ல, போன விதம்.

மறுநாள் காலையில் ஒரு பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். அண்ணன் அந்தப் பையை வாங்கிக்கொண்டான். ஒரு கையில் பை, இன்னொரு கை முழங்காலில். அண்ணி அவனுக்குப் பக்கத்தில் நடந்தாள். நான் தண்ணீர்க் கூஜாவோடு பின்னால். தெரு நெடுக ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

பின்னால் போனதால் எனக்கு அவள் கால் தெரிந்தது. ஆற்றங்கரையில் வளர்ந்தவள், வேகமாக நடக்கிறவள். கடைக்கு அவளோடு போனால் நான் ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு அவள் ஒரு அடி வைப்பாள், நிற்பாள். அவன் குனிந்து எழுந்து அடி வைத்ததும் அடுத்த அடி வைப்பாள். பள்ளம் வந்தால் அவனுக்கு நல்ல பக்கத்தை விட்டுக்கொடுத்து, அவள் பள்ளத்தில் இறங்கினாள். அவனை விட்டுப் போகிறவள் அப்படி நடந்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்காது. அத்தனை மாசத்தில் பழகிப்போயிருந்தது.

பஸ் வந்தது. அவள் படியில் ஏறிக் கையை நீட்டினாள், அண்ணன் பையைக் கொடுக்க ஒரு அடி முன்னால் வந்தான். கண்டக்டர் அவன் காலைப் பார்த்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோன விசிலை இறக்கிக்கொண்டார்.

"அவசரம் இல்லபா, வண்டி நிக்கும்" என்றார். "மெதுவா புடிச்சிகினு ஏறு."

"நான் ஏறல" என்றான் அண்ணன். "அவங்க மட்டுந்தான்."

கண்டக்டர் விசில் கொடுத்தார்.